மைக் ஊளையிட்டால் யாரைத் திட்டுவது?

மேடையில் மைக் 'கூ...' என்று ஊளையிட்டதும் மண்டபமே ஒரு பக்கம் திரும்பும். மூலையில் மிக்சர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பையனை எல்லோரும் முறைப்பார்கள். நான் அந்தப் பையன் கட்சி. அவன் மேல் விழும் திட்டில் பெரும்பகுதி வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் இந்த ஊளைக்கு 'லார்சென்' என்று பெயர். டென்மார்க் நாட்டு பௌதிக அறிஞர் சோரன் லார்சென் இதை ஆராய்ந்து விளக்கியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் மைக்செட்காரர்கள் 'ஹவுலிங்' என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் சங்கதி ஒன்றுதான். மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கர் வழியாகப் பெரிதாகி வருகிறது. அதில் ஒரு பங்கு மறுபடி மைக்குக்குள் நுழைகிறது, மறுபடி பெரிதாகிறது. எங்கள் ஆபீசில் ஒரு கோப்பு மேசை மேசையாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு குறிப்பு கூடி, புறப்பட்ட மேசைக்கே தலையணை கனத்தில் திரும்பி வருமே, அந்த மாதிரி. கோப்புக்கு மாதக்கணக்கு ஆகும். இதற்கு ஒரு நொடி கூட வேண்டாம்.

ஆகவே முதல் விதி, ஸ்பீக்கர் பெட்டிகள் மைக்குகளுக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து இருக்க வேண்டும். பாடகர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் சத்தம் நேரே மைக்கின் வாயில் வந்து விழும். இது மைக்செட்காரர்களுக்குத் தெரியாததா?

இந்தத் தை மாதம் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தேன். ஐந்து பேர் கொண்ட மெல்லிசைக் குழு. முதல் பாட்டிலிருந்தே ஊளை. முதல் தடவையாக மேடையேறிய ஒரு சின்னப் பெண் இரண்டாம் சரணத்தோடு பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனாள். சாப்பாட்டுப் பந்தியில் அந்த மைக்செட் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பெட்டியை ஏன் தம்பி பின்னால வச்சே?"

"நானா வச்சேன் ஐயா? முன்னால வச்சா பூ வளைவு மறையுது, வீடியோல பெட்டி தெரியுதுன்னு தள்ளச் சொல்லிட்டாங்க."

அன்று அவன் கூலியில் 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். தள்ளச் சொன்னவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொரு கூத்து, "சவுண்டைக் கூட்டு" என்ற அதிகாரம். நம் மண்டபங்களில் தரை பளிங்கு, சுவர் டைல்ஸ், பக்கவாட்டில் கண்ணாடி. சத்தம் எங்கேயும் அடங்காமல் எகிறிக் குதிக்கும். ஜூன் 21 இசைத் திருநாளுக்கு இங்கே திறந்தவெளியில் வாசிக்கிற குழுக்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே சத்தம் மோதித் திரும்பச் சுவர் இல்லை. மண்டபத்தில் கூட்டக் கூட்ட ஊளைதான் கூடும், பாட்டு கூடாது.

பாடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு "குரல் வரலை" என்று சைகை காட்டினால் அவன் என்ன செய்வான்? வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடுதலாக விழும். அந்த அளவு மிக்சரில் குறைத்துக்கொள்ளலாம். மேடை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் செவிடு. ஸ்டைலுக்காக அதன் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தக் குணம் கெட்டு, நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். காலடியில் இருக்கும் மானிட்டர் சத்தமும் உள்ளே போகும். பாடாதவர் மைக்கைத் திறந்து வைப்பதும் வீண் வம்பு. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால் ஊளைக்கு முன் நமக்கிருக்கும் இடைவெளியில் 3 டெசிபல் போய்விடும். கீபோர்டும் ரிதம் பேடும் வயர் வழியாக நேரே மிக்சருக்குப் போவதால் அவற்றால் தொல்லை இல்லை. குரல், தபேலா, புல்லாங்குழல் மைக்குகளைக் கவனித்தால் போதும்.

பையன் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கச்சேரிக்கு முன் ஒலியை மெல்ல ஏற்றி, எந்தச் சுருதியில் ரீங்காரம் கிளம்புகிறது என்று பார்த்து, ஈக்வலைசரில் அந்த ஒரு பட்டையை மட்டும் கொஞ்சம் இறக்க வேண்டும். இதற்கு இருபது நிமிடம், ஆளரவம் இல்லாத மேடை வேண்டும். அலங்காரக்காரருக்கு அரை நாள் கொடுக்கிறோம். இவனுக்கு அந்த இருபது நிமிடம் கொடுப்பதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். மூன்று வருஷமாகக் காதில் மெஷின் மாட்டியிருக்கிறேன். காதருகே கையைக் கொண்டுபோனால் அதுவும் விசிலடிக்கும். அதே லார்சென்தான், சின்ன அளவில். பெரிய ஊளை வந்தால் மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். அதற்கப்புறம் எனக்குக் கச்சேரி ஊமைப்படம். என் வயதுக்காரர்கள் பலர் பாட்டு ஆரம்பித்ததும் பந்திக்கு எழுந்து போவது பசியால் மட்டுமல்ல.

வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று மைக்செட்காரரைக் கேளுங்கள், அதன் பிறகு பூ வளைவுக்கு இடம் பாருங்கள். விருந்தினர் வருமுன் அந்த இருபது நிமிடத்தை அவருக்கு ஒதுக்குங்கள். பேசிய கூலியை முழுசாகக் கொடுங்கள்.