பாடியவர் யார்?

2024ஆம் ஆண்டு வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்தில், மறைந்த பாடகர்களான சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் ஒலித்தன. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான், அவர்தம் குடும்பத்தாரிடம் இசைவு பெற்று, உரிய ஊதியமும் வழங்கினார். அது பாராட்டத்தக்கதே. ஆயினும், பலரும் எழுப்பாத வினா ஒன்றுண்டு. இத்தகைய பாடல்களை உருவாக்கும் முறைகளுள் ஒன்றில், உயிரோடிருக்கும் ஒருவர் முதலில் முழுமையாகப் பாடுகிறார். கணினி அக்குரலின் சாயலை மட்டுமே மாற்றுகிறது. மூச்சும் குழைவும் சொல்லில் வைக்கும் அழுத்தமும் பாடியவருடையவை. துடியலூர்ப் பகுதியில் வள்ளிக்கும்மி நிகழ்கையில், அடியெடுத்துப் பாடுபவர் எவரென்பதைத் திடலில் நிற்கும் சிறுவரும் அறிவர். திரைப்பாடலில் மட்டும் அவர் பெயரற்றுப் போகலாமா? மறைந்தவர் பெயரோடு, பாடியவர் பெயரும் அவருக்குரிய ஊதியமும் ஒப்பந்தத்திலேயே இடம்பெறுதல் வேண்டும்.