ஆஸ்பிரின் போதும் என்ற சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும்

இதயத் தமனி நோயாளிகளுக்குப் புதிதாக வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

மருந்துப் பட்டியல் குழுவின் சுற்றறிக்கையை உறுப்பினர்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள் ஆகியோருக்குப் புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.) தென்பட்டாலும், ஏற்கெனவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுவதால் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை தனியாகத் தேவையில்லை என்கிறது அது.

இதைச் செயற்குழு ஏற்கவில்லை. நிதி நெருக்கடி இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. நிர்வாகத்தோடு மோதுவதும் எங்கள் நோக்கமன்று. ஆனால், சுற்றறிக்கையின் மருத்துவ வாதம் தவறானது. ஆபத்தானது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பெரும்பான்மை உறுப்பினர்களின் முடிவு.

தமனியில் கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில் முதலில் வந்து ஒட்டுபவை தட்டணுக்கள். ஆஸ்பிரின் அவற்றைத் தடுக்கிறது. ஏ.எஃப்.-இல் நடப்பது வேறு. இடது மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. அதன் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் இருக்கும் பைக்குள் ரத்தம் கடைமடைத் தண்ணீர் போலத் தேங்குகிறது. உறைதல் காரணிகள் அங்கே ஃபைப்ரின் வலையைப் பின்னுகின்றன. அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ 5 மடங்கு.

இது நேற்று தெரிந்த செய்தியல்ல. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்தாலும் வார்ஃபரினுக்கு ஈடாகாது என்று 2006-இலேயே ஆக்டிவ்-டபிள்யூ ஆய்வு காட்டிவிட்டது. வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரிடம் அப்பிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட அவெரோஸ் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அப்பிக்ஸபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் மேல் குறைந்தது. பெரிய ரத்தப்போக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இத்தனைக்கும் பிறகு "ஆஸ்பிரின் போதும்" என்று கையெழுத்திட்டவர்கள் எதைப் படித்தார்கள்?

ரத்தப்போக்கு பயம் நியாயமானதே. அதற்கும் விடை இருக்கிறது. ஸ்டென்ட் வைத்து ஓராண்டு கடந்து நிலையாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு உறைவுத் தடுப்பு மாத்திரை மட்டுமே போதும். ஆஸ்பிரின் கூடச் சேர்ந்தால்தான் ரத்தப்போக்கு கூடுகிறது. ஜப்பானின் அஃபையர் ஆய்வும் (2019), பிரான்ஸின் அக்வாட்டிக் ஆய்வும் (2025) முன்கூட்டியே நிறுத்தப்பட்டன. இரண்டு மருந்தும் சேர்த்து எடுத்தவர்களிடையே மரணம் கூடியதே காரணம். ஆக, நிறுத்த வேண்டிய மாத்திரையை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதை நிறுத்தச் சொல்கிறது சுற்றறிக்கை. செலவை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு, கை கால் விழுந்த மனிதரை அவர் குடும்பத்தின் தலையில் கட்டுவதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"கொஞ்ச நேரம்தான் வந்தது, போய்விட்டது" என்ற வாதமும் அடிபடுகிறது. ஐ.சி.யு.-வில் இரவு ஏ.எஃப். வருகிறது, அமியோடரோன் ஏற்றுகிறார்கள், காலையில் துடிப்பு சீராகிவிடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. மாரடைப்பின்போது வந்து மறைந்த ஏ.எஃப். பலருக்குத் திரும்ப வருகிறது. 65 வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய மாரடைப்பு என்றிருக்கும் ஆணுக்கு, பக்கவாத அபாயத்தைக் கணிக்கும் சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண் 4. வழக்கமாக 2 வந்தாலே உறைவுத் தடுப்பு மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது.

பிற கேள்விகளில் எங்கள் நிலை:

பைபாஸுக்குப் பிந்தைய ஏ.எஃப்.-க்கு எவ்வளவு காலம் மாத்திரை என்பதில் அறுவை மருத்துவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 60 நாள் கொடுத்துப் பிறகு மறுபரிசீலனை செய்யலாம் என்ற 2023 அமெரிக்க வழிகாட்டுதலை இப்போதைக்கு ஏற்கிறோம்.

மிட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரையே.

முதியோர், சிறுநீரகம் பழுதானவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள் விஷயத்தில் சிகிச்சை தரும் மருத்துவரின் முடிவே இறுதியானது.

எங்கள் கோரிக்கைகள்:

1. சுற்றறிக்கையை உடனே திரும்பப் பெற வேண்டும்.

2. வார்ஃபரினோ அசினோகூமராலோ கொடுக்கும் இடத்தில் ஐ.என்.ஆர். பரிசோதனையும் கிடைக்க வேண்டும். அது முடியாத இடங்களில் அப்பிக்ஸபான் போன்ற மாத்திரைகள் தர வேண்டும்.

3. எத்தனை நிமிடம் வந்திருந்தாலும் ஏ.எஃப். பற்றி டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத வேண்டும். ஈசிஜி நகலும் இணைக்க வேண்டும்.

4. மாதாந்திர மருந்து வாங்க வரும் இதய நோயாளிகளுக்கு பி.பி. பார்க்கும்போதே நாடியையும் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒழுங்கற்று இருந்தால் அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும்.

சுற்றறிக்கை திரும்பப் பெறப்படும்வரை, தேவைப்படும் நோயாளிக்கு உறைவுத் தடுப்பு மாத்திரையை உறுப்பினர்கள் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். மருந்தகத்தில் மறுத்தால், எந்த உத்தரவின்படி மறுத்தார்கள் என்பதைத் தேதியிட்டுக் கேஸ் ஷீட்டில் பதிவு செய்யுங்கள். நாளை பக்கவாதம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும்.