முதலைக்குச் சட்டம் உண்டு. படித்துறைக்கு வேலி எங்கே?

தோழர்களே!

முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்பது பழமொழி. சிதம்பரம் வட்டாரத்திலே அது பழமொழி அல்ல, பட்டறிவு! பழைய கொள்ளிடக் கரையிலுள்ள வேளக்குடிக்கும் பழையநல்லூருக்கும் அகரநல்லூருக்கும் பெராம்பட்டுக்கும் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆடு போன கதை, மாடு போன கதை, கையும் காலும் கடிபட்ட கதை, கடைசியில் மனித உயிரே போன கதை, எல்லாம் கேட்கக் கிடைக்கும்.

"மனிதனைத் தின்னும் பிராணிக்குப் பாதுகாப்பு எதற்கு? அடித்துக் கொன்றால் தொல்லை தீர்ந்தது!" என்று கொதிக்கிற தோழர்கள் உண்டு. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் அந்த முடிவு சரியானதல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த நாட்டு ஆறுகளிலெல்லாம் முதலை இருந்தது. அதை அழித்தது யார்? ஆற்றங்கரை ஏழையா? இல்லை! சீமான்களின் கைப்பைக்கும் காலணிக்கும் இடுப்பு வாருக்கும் தோல் வேண்டுமென்று வியாபாரிகள் வேட்டையாடி அழித்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் முதலை இனமே அற்றுப்போகும் நிலை வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1975-இல் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு இந்திய சர்க்கார் முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆறுகளில் விட்டார்கள். நமது மாநிலத்தில் அமராவதியிலும் ஒகேனக்கல்லிலும் முதலைப் பண்ணைகள் ஏற்பட்டன. மாமல்லபுரத்துக்கு அருகே 1976-இல் முதலைப் பண்ணை ஒன்று தோன்றி, இன்றும் பெயரோடு விளங்குகிறது.

பலன் கிடைத்தது. நம் கொள்ளிடத்திலே வாழும் சதுப்பு நில முதலை பிழைத்துக்கொண்டது. வடக்கே சம்பல் ஆற்றிலே வாழும் நீள்மூக்கு முதலையான கரியால் இன்னும் அழிவின் விளிம்பிலேதான் நிற்கிறது. அழிப்பது எளிது, மீட்பது அரிது என்பதற்கு அதுவே சாட்சி. செத்து மிதக்கும் பிணங்களைத் தின்று ஆற்றைத் துப்புரவாக வைப்பது முதலை. அதை மீட்டது நல்ல காரியம். மனமாரப் பாராட்டுவோம்.

ஆனால் இந்த நல்ல காரியத்துக்கு விலை கொடுப்பவர் யார்? அதுதான் கேள்வி!

பட்டணத்திலே குழாயைத் திருகினால் தண்ணீர். அங்கே இருப்பவரை முதலை கடிக்காது. வீட்டுக்குள் குளியலறை இருப்பவரை முதலை கடிக்காது. நடவு முடிந்து சேற்றோடு ஆற்றில் இறங்கும் பெண்ணைக் கடிக்கிறது. மாட்டைக் குளிப்பாட்டும் கூலியாளைக் கடிக்கிறது. இடுப்பளவு நீரில் நின்று மீன் தடவும் ஏழையைக் கடிக்கிறது. முதலையைக் கொன்றால் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்கிறது சட்டம். இருக்கட்டும். முதலைக்குச் சட்டம் போட்ட சர்க்கார், மனிதனுக்குப் படித்துறை போட்டதா?

வன இலாகா சும்மா இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஊருக்குள் முதலை வந்துவிட்டது என்று செய்தி வந்தால் ஊழியர்கள் ஓடி வருகிறார்கள். ஊர் இளைஞர்களோடு சேர்ந்து, கயிற்றையும் துணிவையுமே ஆயுதமாகக் கொண்டு பிடிக்கிறார்கள். வக்காரமாரி நீர்த்தேக்கத்திலே கொண்டுபோய் விடுகிறார்கள். அந்தத் தோழர்களின் உழைப்புக்கு நம் வணக்கம். ஆனால் மழைக்காலம் வந்தால் கொள்ளிடம் பெருகுகிறது. முதலை வாய்க்காலிலே ஏறி, குளத்துக்கும் குட்டைக்கும் வந்துவிடுகிறது. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று வருகிறது. பிடித்து விடுவது முதலுதவி. அதுவே வைத்தியம் ஆகுமா?

வைத்தியம் உண்டு. கடல் தாண்டிப் பாருங்கள். இலங்கையின் தெற்கே மாத்தறைப் பகுதியில், நில்வளா ஆற்றிலே குளிக்கும் இடத்தைச் சுற்றித் தண்ணீருக்குள் வேலி அடைத்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே முதலை, உள்ளே மனிதன். ஒடிசாவில் பிதர்கனிகா வனத்தையொட்டிய ஊர்களிலும் வன இலாகாவே படித்துறைகளுக்குத் தடுப்பு வேலி போட்டிருக்கிறது. இதற்கு ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். கம்பமும் கம்பி வலையும், கொஞ்சம் மனமும் போதும்!

ஆகவே நாம் கேட்பது இதுதான். கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் வேலியிட்ட படித்துறை ஒன்று வேண்டும். ஆற்றை நம்பியிராதபடி வீட்டுக்குக் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். கரையிலே விளக்கு வேண்டும். வனவிலங்கு தாக்கி இறந்தவர் குடும்பத்துக்கு இன்று 10 லட்சம் ரூபாய் என்கிறது சர்க்கார். அந்தப் பணம் அலுவலகப் படிகளைத் தேய்க்காமல் கைக்கு வரவேண்டும். கடிபட்டு வேலைக்குப் போக முடியாதவனுக்கும், கறவை மாட்டை இழந்தவளுக்கும் அப்படியே. இன்னொன்று: முதலை முட்டையிடுவது ஆற்று மணல் திட்டிலே. அந்தத் திட்டை லாரி லாரியாக அள்ளிவிட்டால் அது எங்கே போகும்? ஊர்ப் பக்கம்தான் வரும். லாபம் மணல்காரனுக்கு, கடி நமக்கா?

தோழர்களே! மே முதல் நாள் தொழிலாளர் திருநாள். அன்றைக்கே கிராம சபையும் கூடுகிறது. கரையோர ஊர்களில் உள்ள நம் தோழர்கள் அங்கே எழுந்து நின்று, "எங்கள் ஊருக்கு வேலியிட்ட படித்துறை வேண்டும்" என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஆடு போயிற்று, எந்தத் துறையில் ஆள் கடிபட்டான் என்று கணக்கெடுத்துத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கோபத்தைவிடக் கணக்குக்குப் பலம் அதிகம்.

முதலை தன் ஆற்றிலே வாழட்டும். உழைப்பவன் அச்சமின்றி அதே ஆற்றிலே முகம் கழுவட்டும். இரண்டும் நடக்கும்படி செய்வதற்குத்தான் சர்க்கார்!