முன்பக்கத்தைத் தாழ்த்துவது யாருக்கு லாபம்?

நமது சங்க உறுப்பினர்களில் பலர் சரக்கு எடுப்பதற்குச் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறோம். புது வண்டிக்கு முதல் போட முடியாதவர்கள் எட்டு, பத்து வருடம் ஓடிய வண்டியை வாங்கி, பட்டறையில் விட்டுச் சரிசெய்து ஓட்டுகிறோம். அதில் தவறில்லை. சிக்கனம் வியாபாரிக்கு அழகு. ஆனால் அந்தப் பட்டறையிலேயே வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். அனுபவப்பட்டவன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

இந்த வேலை முன்பக்கத்தில் தொடங்குவதில்லை, பின்பக்கத்தில் தொடங்குகிறது. 2005-ல் சந்தைக்கு வந்த முதல் டாடா ஏஸ் வண்டியின் சுமைத் திறன் 750 கிலோ. 26 கிலோ அரிசி மூட்டைக் கணக்கில் 28 மூட்டை. ஆனால் செங்குன்றத்தில் லோடு ஏற்றும்போது நாம் 28-ல் நிறுத்துகிறோமா? "இன்னும் பத்து போடுப்பா" என்கிறோம். 40 மூட்டை ஏறினால் 1,040 கிலோ, அதாவது 290 கிலோ அதிகம். பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் அமுங்குகிறது. உடனே பட்டறைக்குப் போய்ப் பின் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகச் சேர்க்கிறோம்.

அதன்பின் வண்டி காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கி நிற்கிறது. குழிக்குக் குழி தூக்கிப் போடுகிறது. ஓட்டுநருக்கு இடுப்பு வலி. "அண்ணாச்சி, முன்னாடி ஒரு பட்டையைக் கழட்டிட்டா வண்டி மெத்துன்னு போகும், பார்க்கவும் எடுப்பா இருக்கும்" என்று எங்கள் ஓட்டுநர் சொன்னார். நானும் சரி என்றேன். பட்டறைக்காரர் நான் சொன்னதைத்தான் செய்தார். குற்றம் என்னுடையது.

சில நாள் வண்டி மெத்தென்றுதான் ஓடியது. பிறகு ஒரு நாள் முழு லோடுடன் சித்தாலப்பாக்கம் சாலையில் வந்துகொண்டிருந்தபோது ஒரு பள்ளிப் பிள்ளை சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டான். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். முன்பக்கம் குப்புற அமுங்கி, ஆக்சில் மேலே 'டங்' என்று இடித்தது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தது. பிள்ளைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அதைத் தாங்குவது முன் ஸ்பிரிங். ஒரு பட்டை குறைந்தால் மீதிப் பட்டைகளின் மேல் பாரம் கூடுகிறது. தடுப்பு ரப்பரில் ஆக்சில் வந்து மோதுகிறது. முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்தால் சக்கரத்தின் சாய்வுக் கோணம் மாறி, திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது; வேகத்தில் வண்டி அலையும்.

இதைவிடப் பெரிய விஷயம் பின் பிரேக். பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்துப் பாரத்தை அறிந்துகொள்ளும் வால்வு ஒன்று இருக்கிறது. பாரம் ஏறி இடைவெளி குறைந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், 40 மூட்டை இருந்தாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பிரேக் தேவைப்படும் நேரத்தில் பாதி பிரேக்தான் கிடைக்கும். ஆகவே வண்டியின் உயரம் என்பது அழகு சம்பந்தப்பட்டது அல்ல. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அந்த உயரத்தை நம்பித்தான் இருக்கின்றன.

சிலர் பட்டையைக் கழற்றுவதற்குப் பதிலாக உலையில் சூடு காட்டி, வளைவை அடித்துக் குறைக்கிறார்கள். அப்படிச் சூடு பட்ட பட்டையின் உறுதி போய்விடும், நடுரோட்டில் முறியும். முன்புறம் டார்ஷன் பார் உள்ள வண்டிகளில் போல்ட்டைத் தளர்த்தினாலே வண்டி இறங்கிவிடும், செலவே இல்லை என்பார்கள். செலவு பிறகு வருகிறது. சக்கரம் உள்பக்கம் சாய்ந்து, அலைன்மென்ட் மாறி, முன் டயர்களின் உள்விளிம்பு சீக்கிரமே தேய்ந்துவிடும்.

அமெரிக்காவில் பிக்கப்பைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டவில்லையா என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அங்கே அது பெரும்பாலும் காட்சிக்கு வைக்கும் வண்டி. முறையாகச் செய்பவர்கள் ஸ்பிரிங்கைக் கெடுக்காமல், சக்கரம் மாட்டும் அச்சையே உயர்த்தி அமைத்த தனிப் பாகம் வாங்கிப் பொருத்துகிறார்கள். அப்படியிருந்தும் சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது என்று கலிபோர்னியாவில் 1950-களிலேயே சட்டம் வந்துவிட்டது. நம்முடையதோ பிழைப்புக்கான வண்டி.

நம் ஊர்ச் சாலைகளும் தாழ்ந்த வண்டிக்கு ஏற்றவை அல்ல. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய மேடாக இருக்கவேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. நம் தெருக்களில் அப்படியா இருக்கிறது? சாலை மேல் சாலை போட்டு, பல கடைகளின் வாசல் பள்ளத்தில் இறங்கிவிட்டது. சரிவில் இறங்கும்போது முன்பம்பர்தான் முதலில் இடிக்கிறது. மழைக்காலம் வந்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய நம் பகுதி என்ன ஆகும் என்பதை 2015-லும் 2023 டிசம்பரிலும் பார்த்தோம். மூக்கு தாழ்ந்த வண்டி தேங்கிய நீரை வாரிக்கொண்டு போகும். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் செலவு எவ்வளவு என்று பட்டவர்களைக் கேளுங்கள்.

சட்டத்தையும் பார்க்கவேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். விபத்து என்று வந்துவிட்டால், மாற்றம் செய்த வண்டி என்று இன்ஷூரன்ஸ் தரப்பு கேள்வி எழுப்ப நாமே இடம் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு நம் கடையையே விற்றுப் பதில் சொல்லவேண்டி வரலாம்.

"இரண்டு நடை அடித்தால் டீசலுக்கு யார் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடை வாடகை, கரண்ட் பில், பெரிய கடைகளின் போட்டி எல்லாவற்றுக்கும் நடுவே சிறு வியாபாரி ஒரு நடையை மிச்சம் பிடிக்கப் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த மிச்சத்தை டயரிலும், முறிந்த பட்டையிலும், கிளட்ச்சிலும் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நோட்டுப் போட்டு ஒரு வருடம் எழுதிப் பார்த்தேன். எனக்கு மிஞ்சியது எதுவுமில்லை.

இதற்குத் தனி ஆளாக வழி காண்பது கடினம். சங்கமாகச் சேர்ந்தால் முடியும். ஒரே தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து செங்குன்றத்திலிருந்தோ கோயம்பேட்டிலிருந்தோ ஒரு பெரிய வண்டியில் சரக்கை இறக்கிக்கொண்டால், சின்ன வண்டிக்கு அளவான லோடு போதும். லோடு ஏறியதும் எடைமேடைச் சீட்டு வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். மழைக்கு முன்பு உறுப்பினர் வண்டிகளுக்கு ஸ்பிரிங், புஷ், பிரேக், அலைன்மென்ட் சோதனை முகாம் ஒன்றைச் சங்கம் நடத்தலாம். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதே வண்டிக்குரிய செட்டை வாங்கிப் போடுவதே முறை. வண்டி மெத்தென்று போகவும் அதுதான் வழி.

என் வண்டியில் கழற்றிய பட்டையை மறுபடி மாட்டிவிட்டேன். பின்பக்கம் சேர்த்த இரண்டு பட்டைகளையும் எடுத்துவிட்டேன். இப்போது 28 மூட்டைதான் ஏறுகிறது. அந்தப் பிள்ளை இன்றும் என் கடை வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம், ஏற்றாமல் விட்ட 12 மூட்டையில் எனக்கு நட்டம் எதுவும் இல்லை என்றே தோன்றுகிறது. உறுப்பினர்கள் யோசிக்கவேண்டும்.