கருவிலேயே தெரியவரும் இதயக் குறைபாடு: சித்தூர் கர்ப்பிணிகளுக்குத் தேவை உரிய நேரப் பரிந்துரை

திருப்பதி: பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை அளிக்கும் வசதி திருப்பதியில் உள்ளது. அத்தகைய குழந்தைகளைக் கருவிலேயே கண்டறிந்து, பிரசவத்துக்கு முன்பே தாயை அங்கு கொண்டுசேர்ப்பதுதான் அடுத்த சவாலாக எழுந்துள்ளது.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை 2021 அக்டோபர் 11-ஆம் தேதி திறக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானதால், சித்தூர் மாவட்டத்தினருக்கு இம்மருத்துவமனை இப்போது அண்டை மாவட்டத்தில் அமைந்துள்ளது.

உலக அளவில் 1,000 குழந்தைகளில் சுமார் 8 முதல் 9 பேர் இதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முதல் ஆண்டிலேயே அறுவை சிகிச்சையோ, குழாய்வழிச் சிகிச்சையோ தேவைப்படுகிறது.

கணிப்பும் வரம்பும்

கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரங்களில் செய்யப்படும் கரு எக்கோ பரிசோதனையில் இதயத்தின் நான்கு அறைகள், வால்வுகள், வெளியேறும் பெருங்குழாய்கள், ரத்த ஓட்டத்தின் திசை ஆகியவை ஆராயப்படுகின்றன. சிறு துளை எனில் அது தானாகவே மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. இடது கீழறை வளர்ச்சி குன்றியிருந்தால் பல கட்ட அறுவை சிகிச்சைகள் தேவைப்படும்.

இரு பெருங்குழாய்களும் இடம் மாறியிருந்தால், பிறந்த சில மணி நேரங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். பிரான்சில் நடத்தப்பட்டு 1999-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இக்குறைபாடு பிறந்த பின் கண்டறியப்பட்ட 250 குழந்தைகளில் 15 பேர் அறுவை சிகிச்சைக்கு முன்பே இறந்தனர். கருவிலேயே கண்டறியப்பட்ட 68 குழந்தைகளில் ஒருவர்கூட இறக்கவில்லை.

எனினும் இக்கணிப்பு முற்றிலும் உறுதியானது அல்ல. மகாதமனிச் சுருக்கம் கருவில் இருப்பதுபோல் தோன்றி, பிறந்த பின் இல்லாமல் போவதுண்டு. லேசான வால்வுச் சுருக்கம் நாளடைவில் தீவிரமடைவதும் உண்டு. எனவேதான் எக்கோ பரிசோதனையை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியுள்ளது.

தொலைவும் காலமும்

சித்தூர் நகரிலிருந்து திருப்பதி சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ளது. கர்நாடக, தமிழக எல்லைகளை ஒட்டிய குப்பத்திலிருந்து தொலைவு மிக அதிகம். மூச்சுத் திணறும் பச்சிளம் குழந்தையை ஆம்புலன்ஸில் இவ்வளவு தூரம் கொண்டுசெல்வதைவிட, பிரசவத்துக்கு முன்பே தாய் அங்கு செல்வது பாதுகாப்பானது.

சட்டமும் காலக்கெடுவை விதிக்கிறது. 2021-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் இரு மருத்துவர்களின் ஒப்புதலுடன் 24 வாரங்கள் வரை கருக்கலைப்பு செய்யலாம். அதன் பிறகு மருத்துவக் குழுவின் அனுமதி அவசியம். 22-ஆம் வாரத்தில் சந்தேகம் எழுந்து, நிபுணரைச் சந்திக்க மேலும் இரு வாரங்கள் கடந்துவிட்டால், கர்ப்பத்தைத் தொடர்வதா என்று மருத்துவக் குழுவின் அனுமதியின்றி முடிவெடுக்கக் குடும்பத்துக்கு அவகாசம் இருக்காது.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை முகாம் நடைபெறுகிறது. அங்கு ஸ்கேனில் சந்தேகம் எழுந்தால், அந்த வாரமே நிபுணரின் எக்கோ பரிசோதனைக்கு அனுப்பும் நடைமுறை வேண்டும். குறைபாடு உறுதியானால், பிரசவம் எங்கு, எப்போது என்பதையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். கருவில் கிடைக்கும் கணிப்பு குழந்தையின் உயிரைக் காக்குமா என்பது இவ்விரு ஏற்பாடுகளையே பொறுத்துள்ளது.