சினிமா பார்த்தவர்கள் கை தூக்குங்கள்!

எனக்குக் கவிதை வராது. காதலைப் பற்றி எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமும் இல்லை. ஆகவே ரொம்ப நாளாக மனசை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இந்த மலரில் இறக்கி வைக்கிறேன். இது சர்ச் சமாச்சாரம் என்று மற்ற மத நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் இதே சண்டை வேறு பெயரில் நடக்கும்.

போன வருஷம் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் கேட்டார்கள்: "இந்த மாசம் சினிமா பார்த்தவங்க கை தூக்குங்க!" அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்று கைகள்தான் எழுந்தன. அந்த மூன்று பேரையும் முன்னால் வரச்சொல்லித் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். நான் கை தூக்கவில்லை. அதற்கு முந்தின ராத்திரிதான் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு ஒரு படத்தை முழுசாகப் பார்த்திருந்தேன். படம் பார்த்தது பாவமோ இல்லையோ, ஆலயத்துக்குள் உட்கார்ந்து பொய் சொன்னது பாவம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சினிமா கூடாது என்கிற பெரியவர்களை நான் கிண்டல் பண்ணவில்லை. என் தாத்தா வாரக்கூலி வாங்கினால் சனிக்கிழமை முதலில் சாராயக்கடை, அப்புறம் கொட்டகை. ரெண்டாம் ஆட்டம் விட்டு வரும்போது மடியில் காசு இருக்காது என்று அம்மா சொல்லுவாங்க. சபைக்கு வந்தபிறகு இரண்டையும் விட்டார். வீட்டில் உலை கொதித்தது. அந்தத் தலைமுறைக்கு "கொட்டகைக்குப் போகாதே" என்பது சோறு போட்ட உபதேசம். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது கொட்டகை நம் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறதே! குமணன்சாவடி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் குனிந்து ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இனிமேல் "பார்க்காதே" என்று மட்டும் சொன்னால் என்னைப்போல் பொய்யன்தான் உருவாவான். எப்படிப் பார்ப்பது என்று யார் சொல்லித் தருவது?

நான் போர்வைக்குள் பார்த்த படம் 'பரியேறும் பெருமாள்'. 2018-இல் வந்தது, மாரி செல்வராஜ் இயக்கியது. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் சேரும் ஒரு கிராமத்துப் பையன். இங்கிலீஷில் நடத்தும் பாடம் அவனுக்குப் புரியாது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு அந்த வகுப்புக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. முதலாம் ஆண்டில் 'இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்' வகுப்பில் நானும் அப்படித்தான் முழித்தேன்.

அவனுடைய அப்பா பெண்வேஷம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞர். அவரைக் கல்லூரிக்கு அழைத்து வருகிறான். சில பையன்கள் அவர் வேட்டியை உருவி ரோட்டில் ஓட விடுகிறார்கள். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். எனக்கு ஞாபகம் வந்தது என்ன தெரியுமா? சேவகர்கள் இயேசுவின் வஸ்திரத்தைக் கழற்றிச் சீட்டுப்போட்டது. ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை கேட்ட கதை! படங்களில் எப்போதும் இடுப்பில் அழகாக ஒரு துணி வரைந்திருப்பார்கள். உரியப்படுவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று பதினெட்டு வயதில், ஒரு சிலுவைகூடக் காட்டாமல், அந்தப் படம்தான் எனக்கு உறைக்க வைத்தது. கடைசியில் அந்தப் பையன் பழிவாங்கவில்லை. "பரவாயில்லை சார்" என்று வழியவும் இல்லை. நீங்கள் மாறாதவரை எதுவும் மாறாது என்று அந்தப் பெண்ணின் அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்கிறான். சத்துருவை நேசிப்பது என்றால் அடிவாங்கிக்கொண்டு சும்மா இருப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பொய் சொன்னதற்கு நன்றாகத் திட்டு விழுந்தது. அப்புறம், "அப்படி இன்னாடா படம் அது, காட்டு" என்றார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேதத்தையும் பாட்டுகளையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர். அந்தக் காட்சி வந்தபோது ஒன்றுதான் கேட்டார்: "அத்தினி பேர் நிக்கிறானுங்களே, ஒருத்தனுக்காவது ஒரு துண்டு எடுத்துப் போத்தணும்னு தோணலியா?"

இன்னொரு விஷயம். நம் சபைகளில் உருகிப் பாடும் கீர்த்தனைகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதிய 'பெத்லகேம் குறவஞ்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். குறவஞ்சி என்பது குறத்தி கைபார்த்துக் குறி சொல்வதாக ஆடிப்பாடும் நாடகம். குற்றாலத்துச் சிவனுக்குத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது அதே வகைதான். குறி கேட்பது பாவம் என்கிற சபைக்கு ஒரு குறத்தியைக் கூட்டிவந்து கிறிஸ்துவைப் பாட வைத்தார் சாஸ்திரியார். உலகத்துக் கலையை ஒதுக்கியிருந்தால் அந்தப் பாட்டு ஏது? ஆனால் அதே சாஸ்திரியார், ஆலயத்துக்குள் சாதி வித்தியாசம் பார்க்கக்கூடாது என்று 1820-களில் வந்த மிஷனரிகள் சொன்னபோது அதை எதிர்த்து எழுதினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சபைப் பாட்டு எழுதியவர் என்பதால் எல்லாம் சரியாகிவிடாது. சினிமா எடுத்தவர் என்பதால் எல்லாம் தப்பாகியும் விடாது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியைக் கண்டு வெளியேறியவர் எழுதியது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைப் 'பக்தி நூல்' என்று எந்த அலமாரியில் வைப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், சினிமாவே கூடாது என்ற சபையார்கூட இயேசு படம் என்றால் திரை கட்டிவிடுவார்கள். 1978-இல் தெலுங்கில் வந்த 'கருணாமயுடு'வைப் பல மொழிகளில் பேசவைத்து, புரொஜக்டர் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார்கள். பவுலும் அத்தேனே பட்டணத்தில் நின்று பேசியபோது கிரேக்கக் கவிஞர்கள் பாடியதைத்தான் துணைக்கு எடுத்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 17-இல் இருக்கிறது. படிக்காதவர் எடுத்துச் சொல்ல முடியுமா?

எதை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணைப் பாட்டுப் பாடித் துரத்துவதைக் காதல் என்று காட்டும் படத்தில் பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். கூட வந்த மச்சான்கள் இன்றும் ஓட்டுகிறார்கள். ஆனால் முத்தம் இருக்கா, குத்துப்பாட்டு இருக்கா என்று எண்ணுவது மட்டுமா கிறிஸ்தவப் பார்வை? பூந்தமல்லி தாண்டினால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஸ்டுடியோ. 2020 பிப்ரவரி 19 ராத்திரி அங்கே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். எங்கள் சபையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். சினிமா பார்த்த பாவத்துக்கு ஜெபித்த நாம், சினிமா வேலையில் செத்தவர்களுக்காக ஒரு நாள் ஜெபித்தோமா? நான் ஜெபித்ததில்லை.

அடுத்த முறை கை தூக்கச் சொன்னால் தூக்குவேன். முன்னால் கூப்பிட்டால் போவேன். ஜெபம் யாருக்கும் கெடுதல் இல்லை. "எந்தப் படம், அதில் என்ன பார்த்தாய்?" என்று இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள் அண்ணா என்று வாலிபர் தலைவரிடம் போன வாரமே சொல்லிவிட்டேன். "யோசிக்கலாம் தம்பி" என்றார்.

— இரண்டாமாண்டு மாணவன்,
டிப்ளமோ இன் மெக்கானிக்கல், குமணன்சாவடி