நூறு கட்டத்தில் விடை எழுதி வைக்கவில்லை

தொடக்கப்பள்ளிக் கணிதம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு குற்றச்சாட்டும் கூடவே வந்துவிடுகிறது. ஒன்று முதல் நூறு வரை, வரிசைக்குப் பத்தாக எழுதிய எண் அட்டவணையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் அதைப் பார்த்தே கணக்குப் போடப் பழகிவிடுவார்கள். மனக்கணக்கு வரவே வராது. பெற்றோர் சொல்கிறார்கள், டியூஷன் எடுப்பவர்கள் சொல்கிறார்கள், பல ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியர்கள் சிலரும் சொல்கிறார்கள். 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கி, சின்ன வகுப்புகளில் செயல்பாடுகளுக்கு இடம் கூடிய பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை. பிள்ளைகள் மேலுள்ள அக்கறையில் பிறந்த அச்சம்தான் இது. ஆனால் அச்சத்துக்குச் சொல்லும் காரணங்கள் ஒன்றும் நிற்கவில்லை.

முதலில், “பார்த்து எழுதுகிறார்கள்” என்பது. எதைப் பார்த்து? வாய்ப்பாட்டு அட்டையில் ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று விடையே அச்சாகி இருக்கிறது. எண் அட்டவணையில் எந்தக் கணக்குக்கும் விடை எழுதி வைக்கவில்லை. 47உடன் 25ஐக் கூட்ட வேண்டிய பிள்ளை 47இல் விரலை வைத்து, இரண்டு வரிசை கீழே இறங்கி 67க்கு வருகிறாள். அங்கிருந்து ஐந்து கட்டம் நகர்ந்தால், வரிசை 70இல் முடிந்து அடுத்த வரிசைக்குத் தாவி, 72. இருபத்தைந்தை இருபதும் ஐந்துமாகப் பிரித்ததும், பத்தைத் தாண்டிப் போனதும் அவள் செய்த வேலை. 83இலிருந்து 29ஐக் கழிக்கும் கணக்கு இன்னும் அழகானது: மூன்று வரிசை மேலே ஏறினால் 53, ஒன்று அதிகமாகக் கழித்துவிட்டதால் ஒரு கட்டம் வலப்பக்கம், 54. முப்பதைக் கழித்து ஒன்றைக் கூட்டுவதுதான் மனக்கணக்கில் தேர்ந்த கடைக்காரரின் வழியும். அட்டவணை கெடுப்பதாகச் சொல்லும் திறமையை அட்டவணையே பழக்குகிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது; அதில் உண்மையும் உண்டு. பல பிள்ளைகள் வரிசை தாவுவதில்லை. 48, 49, 50 என்று இருபத்தைந்து கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறார்கள். நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போனால் விடையும் போயிற்று. இப்படியே மூன்றாம் வகுப்பு வரை எண்ணிக்கொண்டிருந்தால் நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளையிடமிருந்து அட்டவணையைப் பிடுங்கினால் என்ன செய்வான்? விரலை மடக்கி அதே இருபத்தைந்தை எண்ணுவான். பத்து என்பது ஒரே மூட்டை என்ற எண்ணம் அவனுக்குள் இன்னும் உருவாகவில்லை. அதற்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி அடுக்க வேண்டும். நாலு கட்டும் ஏழு உதிரியும் சேர்ந்து நாற்பத்தேழு என்று கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டைக் கூடுதலாக வைக்கும்போதே அட்டவணையில் ஒரு வரிசை இறங்கச் சொன்னால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். குச்சியே தொடாத பிள்ளைக்கு வெறும் கட்டங்களை நீட்டுவது கற்பித்தலின் குறை. அந்தப் பழியை அட்டவணை மேல் போடுவது நியாயமில்லை.

அட்டவணையின் அமைப்பிலும் சரிசெய்ய வேண்டியவை உண்டு. எண் பெருகப் பெருகக் கீழே இறங்குவது பிள்ளைகளைக் குழப்புகிறது. ‘ஏறுவது’ என்றால் அவர்களுக்கு மேலே போவதுதான். அதனால் ஒன்றை அடி வரிசையில் வைத்து மேல்நோக்கி வளரும் அட்டவணையைச் சில கல்வியாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். 0 முதல் 99 வரை எழுதினால் 30 முதல் 39 வரை ஒரே வரிசையில் நிற்கும். வழக்கமான அட்டவணையிலோ 30 இருபதுகளின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எனக்குப் பிடித்தது இந்த 0–99 தான். இவையெல்லாம் அட்டவணையைத் திருத்தி எழுதச் சொல்லும் காரணங்கள். தூக்கி எறிய இவற்றில் ஒன்றும் போதாது.

அடுத்து வருவது பழம்பெருமை: “நம் முன்னோர் மனப்பாடம் செய்தே கணக்கில் புலியானார்கள்.” திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன்சொல்ல எண்சுவடியை உருப்போட்டது உண்மை. ஆனால் அந்தச் சுவடி என்ன? ஒழுங்காக நிரல்படுத்திய எண் அட்டவணைகளின் தொகுப்புதான். மணலில் எழுதி, ஓலையில் எழுதி, கண்ணும் கையும் பழகிய பிறகே வாய்க்கு வந்தது. அதில் வந்த நாழியும் மரக்காலும் காணியும் மாவும் அந்தப் பிள்ளைகள் வீட்டிலும் வயலிலும் அன்றாடம் பார்த்தவை. அந்த மரபிலிருந்து உருப்போடுவதை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டோம்.

வாயால் சொல்வது எங்கே தடுக்கும் என்பதையும் பார்க்கலாம். “இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்துப்பத்து” என்று சொல்லாத பிள்ளை உண்டா? எண்பத்தொன்பதுக்கு அடுத்தது தொண்ணூறு என்பதில் ஒன்பதின் ஓசையே இல்லை. நூறுதான் காதில் விழுகிறது. அது ஒன்பது பத்துகள் என்பதை ஓசை காட்டிக்கொடுக்காது. 70, 80, 90 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்க்கும் கண் பிடித்துக்கொள்ளும்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், நன்றாகவே வேண்டும். அதைச் சுமக்காமல் கற்கவும் கட்டங்கள் உதவுகின்றன. ஒன்பதின் மடங்குகளுக்கு நிறம் பூசச் சொல்லுங்கள்: 9, 18, 27, 36 என்று சாய்ந்த கோடாக 81 வரை இறங்கும். ஒன்பதைக் கூட்டுவது என்றால் ஒரு வரிசை இறங்கி ஒரு கட்டம் பின்னால் வருவது. கோடு சாய்வது அதனால்தான். பத்துக்குப் பத்து பெருக்கல் கட்டத்தில் நூறு விடைகள் இருக்கின்றன, பிள்ளை மிரள்கிறது. 6×8ம் 8×6ம் ஒன்றே என்று மூலைவிட்டத்தில் மடித்துக் காட்டினால் 55 மிஞ்சும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகிய வாய்ப்பாடுகள் எப்படியும் எளிதில் வந்துவிடும். அவற்றை நீக்கினால் உண்மையில் பாடுபட்டுக் கற்க வேண்டியவை வெறும் 21. நூறு என்று நினைத்து அஞ்சிய பிள்ளைக்கு இந்த 21ஐக் காட்டாமல் பிரம்பைக் காட்டியிருக்கிறோம்.

“மெதுவாகக் கற்பவர்களுக்கு வேண்டுமானால் சரி, கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதற்கு?” என்பது இன்னொரு கேள்வி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த எரடோஸ்தனிஸ் பகா எண்களைச் சலித்தெடுத்த முறைக்கு இந்த நூறு கட்டமே போதும். ஒன்றை விலக்கிவிட்டு, 2, 3, 5, 7 ஆகியவற்றை விட்டு அவற்றின் மடங்குகளை மட்டும் அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது 25 பகா எண்கள். ஏன் ஏழோடு நிறுத்தலாம்? பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121, நூறைத் தாண்டிவிடுகிறது. அதைவிடச் சிறிய மடங்குகள் முன்பே அடிபட்டிருக்கும். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்படி விடலாம். அதே எண்களை வரிசைக்கு ஆறாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். 2, 3 தவிர மற்றப் பகா எண்கள் எல்லாம் முதல் நெடுவரிசையிலும் ஐந்தாம் நெடுவரிசையிலுமே விழும். ஏன் என்று கேட்டால் வகுப்பே சூடாகிவிடும்.

இன்னொன்று. 34, 35, 44, 45 என்று சதுரமாக நிற்கும் நாலு கட்டங்களை எடுங்கள். எதிரெதிர் மூலைகளைக் கூட்டினால் இரண்டு பக்கமும் 79. பெருக்கினால் 1530, 1540, வித்தியாசம் பத்து. வேறு எந்த நாலு கட்டத்தை எடுத்தாலும் அதே பத்து. ஏன் மாறவே இல்லை என்ற கேள்விக்குப் பதில் தேடும் பிள்ளை, பெயர் தெரியாமலேயே இயற்கணிதத்துக்குள் நுழைந்துவிடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளையிடமிருந்து இதை ஏன் மறைக்க வேண்டும்?

செலவு என்றும் சிலர் சொல்வார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கம் போதும். பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது. கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டிய பளபளப்பான சார்ட்டால் பயன் குறைவு. விரல் படாத அட்டவணை வெறும் அலங்காரம்.

கடைசியாக, “பழகிவிட்டால் விடமாட்டார்கள்.” விடுவிப்பதற்கும் வழி இருக்கிறது, அதைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். முழு அட்டவணைக்குப் பிறகு சில எண்கள் மட்டும் எழுதிய வெற்றுக் கட்டங்கள். பிறகு கத்தரித்த துண்டுகள். சிலுவை வடிவத் துண்டின் நடுவில் 56 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், மேலே 46, கீழே 66, பக்கங்களில் 55, 57 என்று பிள்ளை நிரப்ப வேண்டும். அதுவும் பழகியபின் துண்டும் வேண்டாம், “56க்கு இரண்டு வரிசை கீழே என்ன?” என்ற கேள்வி போதும். அந்த நிலைக்கு வந்த பிள்ளைக்கு அட்டவணையைத் தேடிப் பார்ப்பதைவிட யோசிப்பதே வேகமாக இருக்கும், தானே ஒதுக்கிவிடும். நாலாம் வகுப்பிலும் ஒரு பிள்ளை அதைக் கேட்டால் பிடுங்க வேண்டாம். குச்சிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து எங்கே பிடிபடாமல் நிற்கிறது என்று பாருங்கள்.